நலம் தரும் நாத வேள்வி

கௌஷீதகி உபநிஷதத்தில் ஓர் அரிய கருத்து இடம்பெற்றுள்ளது. காலையிலும் மாலையிலும் நெருப்பில் பாலை ஆகுதியாக இடுவது அக்னிஹோத்திரம். நெருப்பும் பாலும் பாத்திரமும் இல்லாமலேயே ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் அத்தகைய வேள்வி ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்று அந்த உபநிஷதம் காட்டுகிறது. பேசுகின்ற நேரத்தில் மனிதனால் மூச்சை இழுக்க முடிவதில்லை. அப்போது மூச்சு வாக்கிற்கு ஆகுதியாகிறது. மூச்சை இழுக்கின்ற நேரத்தில் பேச முடிவதில்லை. அப்போது வாக்கு மூச்சிற்கு ஆகுதியாகிறது. இதற்கு ‘ஆந்தர அக்னிஹோத்திரம்’, அதாவது அகவேள்வி என்று பெயர்.

தத்துவமாக மட்டுமே நீண்ட காலம் படிக்கப்பட்டு வந்த இக்கருத்து, உடல்நலத்தைப் பற்றிய ஓர் உண்மையையும் தன்னுள் கொண்டுள்ளது. குரல் என்பது மனிதன் மெல்ல மெல்லக் கொடுக்கின்ற மூச்சு. பாட்டு என்பது அந்தக் கொடையை இன்னும் நீளமாகவும் சீராகவும் ஆக்குகின்ற வழி. பாடுபவருக்குக் கிடைக்கும் அமைதி பெருமளவிற்கு இந்தக் கொடுத்தலில்தான் பிறக்கிறது.

இதை அறிந்துகொள்வதன் தேவை யாருக்கு? பஜனை நடக்கின்ற எந்தக் கூடத்திலும் பின்வரிசையில் வாய்திறவாமல் அமர்ந்திருக்கும் சிலரைக் காணலாம். சிறு வயதில் யாரோ ஒருவர், “உனக்குப் பாட வராது, சும்மா இரு” என்று சொல்லிவிட்டார். அன்று மூடிய வாய் ஐம்பது ஆண்டுகளாகத் திறக்கவில்லை. வேறொருவர் நோயுற்று எழுந்தவர். ஓர் அடியைப் பாடி முடிப்பதற்குள் மூச்சு தீர்ந்துவிடும் என்று அஞ்சுகிறார். இன்னொருவர் துணையை இழந்தவர். பாடத் தொடங்கினால் தொண்டை அடைக்கிறது. பாட்டின் நன்மை யாருக்கு மிகுதியாகத் தேவையோ, அவர்களே பாட்டிலிருந்து விலகி அமர்ந்திருக்கிறார்கள். இந்தப் பாடம் அவர்களை மனத்தில் கொண்டது.

மூச்சும் அச்சமும்

ஓய்வாக இருக்கும் வயதுவந்த ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 12 முதல் 20 முறை மூச்சுவிடுகிறார். இதயத் துடிப்பையும் செரிமானத்தையும் மனிதன் தன் விருப்பப்படி நேரடியாக மாற்ற இயலாது. மூச்சு மட்டும் விதிவிலக்கு. அது தானாகவும் நடக்கும். வேண்டும்போது மனிதன் சொற்படியும் நடக்கும். உடலின் தன்னியக்கத்திற்குள் நுழைய மனிதனுக்கு வாய்த்த வாயில் இது. யோக நெறியினர் பிராணாயாமத்திற்கு இத்துணை முதன்மை அளித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அச்சமும் கவலையும் மிகும்போது மூச்சு மார்பின் மேற்பகுதியிலேயே நின்றுவிடுகிறது. சிறிதாகவும் விரைவாகவும் காற்று உள்ளே செல்கிறது. முழுவதும் வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு இழுக்கப்படுகிறது. அஞ்சுகின்ற மனிதன் வாங்கிக்கொண்டே இருக்கிறான், கொடுக்க மறந்துவிடுகிறான். “மூச்சு போதவில்லை” என்று அவன் உணர்வதும், மேலும் மேலும் இழுப்பதும், அதனால் படபடப்பு கூடுவதும் ஒரு வட்டமாகவே சுழல்கின்றன. அவனிடம் “ஆழமாக மூச்சை இழு” என்று சொன்னால் பயன் குறைவு. அவன் ஏற்கெனவே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறான். அவனுக்கு வேண்டியது மூச்சை விடுவதற்கு ஒரு துணை. அந்தத் துணைதான் குரல்.

குரல் பிறக்கும் வழி

பேச்சொலி எப்படிப் பிறக்கிறது என்பதை இந்நாட்டின் இலக்கண நூல்கள் நுணுகி ஆராய்ந்துள்ளன. உந்தியிலிருந்து எழுகின்ற காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தொலிகளாக வெளிப்படுகிறது என்று தொல்காப்பியம் பிறப்பியலில் விளக்குகிறது. பாணினீய சிக்ஷை இன்னும் ஒருபடி உள்ளே செல்கிறது. ஆன்மா புத்தியோடு சேர்ந்து பொருளைக் கொண்டு மனத்தைத் தூண்டுகிறது. மனம் உடலின் அனலை எழுப்புகிறது. அனல் காற்றைச் செலுத்துகிறது. அந்தக் காற்று மார்பில் உலவும்போது மந்திர ஸ்தாயி எனப்படும் தாழ்ந்த ஒலி பிறக்கிறது என்பது அந்நூலின் விளக்கம்.

உடலியல் இதே பாதையைத் தன் சொற்களில் கூறுகிறது. நுரையீரல்களுக்குக் கீழே குடை போல் விரிந்திருக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்கும்போது காற்று உள்ளே வருகிறது. அது தளர்ந்து மேலெழும்போது காற்று வெளியேறுகிறது. வெளியேறும் காற்றின் வழியில், குரல்வளைக்குள், இரண்டு குரல் நாண்கள் உள்ளன. அவை ஒன்றையொன்று நெருங்கி நிற்கும்போது காற்று அவற்றை அதிரச் செய்கிறது. பேசும்போது ஆண்களின் குரல் நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறையும், பெண்களுடையவை ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. நெருங்கி நிற்கும் குரல் நாண்கள் காற்றுக்கு ஒரு மதகு போல் செயல்படுகின்றன. மதகில்லாத ஏரி ஒரே பாய்ச்சலில் வடிந்துவிடும். மதகுள்ள ஏரியோ அளவாகத் திறந்து நெடுநாள் பாயும். வெறுமனே விட்ட மூச்சு இரண்டு மூன்று விநாடிகளில் தீர்ந்துவிடுகிறது. அதே மூச்சைக் குரலாக்கி விட்டால் எட்டு, பத்து விநாடிகள் வரை நீள்கிறது. மூச்சை எண்ணி அளந்து விடுவதற்குப் பழக்கமும் பொறுமையும் வேண்டும். பாடுபவருக்கோ அந்த அளவைப் பாட்டே கொடுத்துவிடுகிறது. ஓர் அடியின் நீளமே ஒரு ரேசகத்தின் நீளம். அடிகளுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளியே பூரகம்.

வெளிமூச்சின் நன்மை

மூச்சு நீள்வதால் என்ன பயன்? மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே விரைவதையும், விடும்போது சற்றே தணிவதையும் ஜெர்மானிய உடலியலறிஞர் கார்ல் லுட்விக் 1847இல் பதிவு செய்தார். மூளையிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் ஆகிய உறுப்புகளுக்குச் செல்லும் வேகஸ் நரம்பு, வெளிமூச்சின்போது இதயத்தைத் தணிக்கும் பணியை மிகுதியாகச் செய்கிறது. ஆகவே வெளிமூச்சு நீளும்போது இதயம் தணிந்திருக்கும் நேரமும் நீள்கிறது. பெருமூச்சு விட்டபின் உடல் இலேசாவதும் “அப்பாடா” என்ற சொல் தானாகவே பிறப்பதும் எல்லோரும் அறிந்த அனுபவங்கள்.

இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் மேற்கொண்ட ஓர் ஆய்வு, 2001ஆம் ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயிற்று. நலமாக இருந்த 23 பேர் அதில் பங்குகொண்டனர். கத்தோலிக்கர்கள் செபமாலையில் சொல்லும் இலத்தீன் மொழி மரியன்னை செபமும், திபெத்திய பௌத்த மரபின் மந்திரம் ஒன்றும் அவர்களால் ஓதப்பட்டன. இரண்டும் வெவ்வேறு சமயங்களுக்குரியவை. வெவ்வேறு மொழிகளில் அமைந்தவை. ஆயினும் இரண்டையும் ஓதும்போது மூச்சின் வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு என்ற அளவிற்கு இறங்கியது. இரத்த அழுத்தத்தின் மாற்றங்களை உணர்ந்து அதற்கேற்ப இதயத் துடிப்பைச் சரிசெய்யும் உடலின் ஏற்பாடும் அப்போது கூடுதல் நுட்பத்துடன் இயங்கியது.

நிமிடத்திற்கு ஆறு என்ற அளவில் ஒரு பொருள் இருக்கிறது. மனிதனின் இரத்த அழுத்தத்தில் ஏறத்தாழ பத்து விநாடிக்கு ஒருமுறை இயல்பாகவே மெல்லிய ஏற்ற இறக்கம் நிகழ்கிறது. மூச்சும் பத்து விநாடிக்கு ஒன்றாக அமையும்போது இரு தாளங்களும் ஒன்றோடொன்று இணைகின்றன. இதயமும் இரத்தக் குழாய்களும் மூச்சும் ஒரே லயத்தில் அசைகின்றன. வேறுபட்ட இரு மரபுகளின் வழிபாட்டுச் சொற்கள், எந்தக் கருவியின் துணையுமின்றி, அதே அளவில் வந்து நிற்பது எண்ணத்தக்கது. ஆழ்ந்த பக்தியோடு ஓதியவர்கள் தம்மை அறியாமலேயே உடலுக்கு இசைந்த தாளத்தைக் கண்டடைந்தார்கள் போலும்.

முரலும் வண்டு

ஹடயோக பிரதீபிகை கூறும் எட்டு வகைக் கும்பகங்களுள் பிராமரி ஒன்று. வண்டின் ரீங்காரம் போன்ற ஒலியோடு மூச்சை விடுவதே இதன் சிறப்பு. வாய் மூடியிருக்க, ஒலி மூக்கின் வழியே வெளிப்படுகிறது. குழந்தைகளும் எளிதாகச் செய்யக்கூடிய இந்தப் பயிற்சியைப் பற்றி எதிர்பாராத ஒரு செய்தி சுவீடனிலிருந்து வந்தது.

ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வைட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க் ஆகிய இருவரும் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளில் சைனஸ் எனப்படும் காற்றறைகள் உள்ளன. அங்கே நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு உருவாகிறது. இரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிவடையச் செய்யும் பொருள் அது. அதன் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒலியின்றி மூச்சை விடும்போது வெளிப்படும் அளவைவிட, முரலும்போது மூக்கின் வழியே வெளிப்படும் நைட்ரிக் ஆக்ஸைடின் அளவு 15 மடங்காக உயர்ந்தது. ஒலியின் அதிர்வு காற்றறைகளுக்குள் காற்றை ஊசலாடச் செய்து, தேங்கியிருந்த காற்றைப் புதுப்பிக்கிறது என்று அவர்கள் விளக்கினர்.

பெங்களூரில் உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனமாகிய நிமான்ஸில் நடந்த மற்றோர் ஆய்வு 2011இல் வெளியாயிற்று. 12 பேர் ஓங்காரத்தை நீட்டி ஒலிக்கும்போது அவர்களுடைய மூளையின் இயக்கம் காந்த அதிர்வுப் படக்கருவியால் பதிவு செய்யப்பட்டது. ஒப்பீட்டிற்காக “ஸ்ஸ்ஸ்” என்ற ஒலியையும் அதே கால அளவிற்கு எழுப்பினர். ஓங்காரத்தின்போது அச்சம், கலக்கம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளில் இயக்கம் குறைந்தது; “ஸ்ஸ்ஸ்” ஒலியின்போது அவ்வாறு குறையவில்லை. இது சிலரை மட்டும் கொண்டு நடத்தப்பட்ட முன்னோட்ட ஆய்வு என்பதை மறத்தலாகாது. ஆயினும் மூச்சு வெளியேறுவது மட்டுமல்ல, அது எந்த ஒலியாக வெளியேறுகிறது என்பதும் பொருட்படுத்தத்தக்கது என்ற சிந்தனைக்கு அது வழிவகுத்தது.

பேச்சிழந்தவர் பாடினார்

சுவீடன் நாட்டு எழுத்தாளர் ஓலாஃப் டாலின் 1745இல் ஒரு வியப்பான நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். கடும் நோயால் உடலின் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சையும் முற்றிலும் இழந்த ஓர் இளைஞர், தாம் முன்பு கற்றிருந்த சில தேவாலயப் பாடல்களை மட்டும் நலமுள்ளவரைப் போலவே சொற்பிழையின்றிப் பாடினார். பேச வராத நாவில் பாட்டு வந்தது.

பெரும்பாலோருக்குப் பேச்சை ஆளும் பகுதி மூளையின் இடப்பக்கத்தில் உள்ளது. இதை 1860களில் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா எடுத்துக்காட்டினார். பக்கவாதத்தால் அப்பகுதி சேதமுற்றால் நினைப்பதைச் சொல்ல முடியாமல் போகிறது. மற்றவர் சொல்வது புரியும். மறுமொழியும் மனத்தில் எழும். சொல் மட்டும் வெளிவராது. அருகில் இருப்போர் அவருக்கு அறிவே மங்கிவிட்டதாக எண்ணி, அவரைப் பற்றி அவர் முன்னிலையிலேயே பேசத் தொடங்குவர். அந்தத் தனிமையின் துயரம் சொல்லில் அடங்காது.

பாடுவதோ மூளையின் இரு பக்கங்களையும் பயன்படுத்துவது. இதை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூவர் 1973இல் ஒரு பயிற்சி முறையை வெளியிட்டனர். அன்றாடத் தேவைக்கான சிறு தொடர்களை உயர்ந்தும் தாழ்ந்தும் ஒலிக்கும் இரண்டு சுரங்களில் மெதுவாக இசைத்து, நோயாளியின் இடக்கையால் அசைக்கு ஓர் அசைவாகத் தட்டச் செய்வதே அம்முறை. “தண்ணீர் வேண்டும்” என்பதைப் பாட்டாக இசைக்கக் கற்றவர், சிறிது சிறிதாக இசையைக் குறைத்து அதைப் பேச்சாக்குகிறார். இது எல்லோருக்கும் பலனளிப்பதில்லை. பேச்சுப் பயிற்சியாளரின் துணையும் பல வார உழைப்பும் இதற்குத் தேவை.

ஆனால் இதிலிருந்து ஒவ்வொரு குடும்பமும் கற்கத்தக்கது ஒன்று உண்டு. பேச்சிழந்த தந்தையிடமோ தாயிடமோ “பேசுங்கள், பேசுங்கள்” என்று வற்புறுத்துவதைவிட, அவர் நாள்தோறும் பாடிவந்த துதியை அவர் அருகில் அமர்ந்து மெதுவாகப் பாடலாம். ஒருவேளை அடுத்த அடியை அவரே எடுத்துக்கொள்வார். அவ்வாறு நிகழாவிட்டாலும் இழப்பில்லை. “நான் இன்னும் இந்த வீட்டின் வழிபாட்டில் இருக்கிறேன்” என்ற ஆறுதலையேனும் அவர் பெறுவார்.

தாலாட்டின் மருந்து

கொரோனா நோயிலிருந்து மீண்டபின்னும் மாதக்கணக்கில் மூச்சுத் திணறலாலும் கவலையாலும் துன்புற்றவர்களுக்காக, இங்கிலாந்தின் தேசிய இசைநாடக அமைப்பான இங்கிலீஷ் நேஷனல் ஆபராவும் இலண்டனின் இம்பீரியல் கல்லூரி மருத்துவமனை அறக்கட்டளையும் இணைந்து 2020இல் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கின. இணையவழியாக ஆறு வாரங்கள் நடைபெற்ற அப்பயிற்சியில் மூச்சுப் பழக்கங்களோடு பாடல்களும் கற்பிக்கப்பட்டன. இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவை தாலாட்டுப் பாடல்கள்.

அத்தேர்வு பொருத்தமானதே. தாலாட்டு உலகெங்கும் தாழ்ந்த குரலில், குறுகிய அடிகளில், மெல்லிய ஆட்டத்தின் தாளத்தில் அமைந்தது. அதைப் பாடுவதற்கு எவரும் பயிற்சி பெறுவதில்லை. அதைக் கேட்பவர் குற்றம் காண்பதும் இல்லை. தாலாட்டு குழந்தையைத் தூங்க வைக்கிறது என்பது பாதி உண்மை. நாள் முழுதும் உழைத்துக் களைத்த தாயின் மூச்சையும் அது நீட்டித் தணிக்கிறது என்பது மறுபாதி.

150 பேரைக் கொண்டு இத்திட்டத்தைச் சோதித்த ஆய்வின் முடிவுகள் 2022இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியாயின. வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிடும்போது, பாடியவர்களின் மனநலம் சார்ந்த வாழ்க்கைத்தரம் மேம்பட்டது. மூச்சுத் திணறலிலும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. உடல்நலம் சார்ந்த மதிப்பீட்டில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. பாட்டு நுரையீரலைப் புதிதாக்கிவிடவில்லை. மூச்சைக் கண்டு அஞ்சும் மனத்தை மாற்றியது. நோயாளிக்கு அதுவும் பெரும்பேறே.

கூடிப் பாடுதல்

சுவீடனின் கோத்தென்பர்க் பல்கலைக்கழகத்தில் 2013இல் வெளியான ஆய்வில், 18 வயதுடைய 15 பேர் சேர்ந்து பாடும்போது அவர்களின் இதயத் துடிப்பு அளவிடப்பட்டது. மெதுவான மந்திரம் போன்ற பாட்டை ஒன்றாகப் பாடியபோது எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சை இழுத்தனர். ஒரே இடத்தில் விட்டனர். அதனால் அவர்களுடைய இதயங்களும் ஒன்றாக விரைந்து, ஒன்றாகத் தணிந்தன.

இந்திய மண்ணில் இது புதிய செய்தியன்று. ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசியை நோக்கி, ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பல்லக்கோடும் தேஹுவிலிருந்து துக்காராமின் பல்லக்கோடும் வார்க்கரிகள் மூன்று வாரம்போல் நடந்து பண்டரிபுரம் சேர்கிறார்கள். மழையிலும் சேற்றிலும் முதியோர்கூட நடந்துசெல்ல, அபங்கங்களின் தாளம் அடிகளுக்கும் மூச்சுக்கும் ஒரே அளவைத் தருகிறது. ஒருவர் களைத்து நிறுத்தும்போது அருகிலிருப்பவரின் குரல் பாட்டைத் தாங்குகிறது. அவர் மூச்சு திரும்பியதும் மீண்டும் சேர்ந்துகொள்கிறார்.

சபர்மதி ஆசிரமத்தின் பிரார்த்தனைகளில் பாடல்களை முன்னின்று பாடியவர் பண்டித நாராயண் மோரேஷ்வர் கரே. அவர் இசைமேதை விஷ்ணு திகம்பர் பலுஸ்கரின் மாணவர். கற்றவர் ஒருவர் வழிகாட்ட, கல்லாதவர் எல்லோரும் தொடர்ந்து பாடும் இந்த முறையில் எந்தக் குரலும் தனியே நிறுத்தப்பட்டு மதிப்பெண் இடப்படுவதில்லை. மூச்சு குறைந்தவருக்கும் குரல் நடுங்குபவருக்கும் கூட்டுப்பாடல் ஏற்ற புகலிடமாவது இதனால்தான்.

இனிமை யாருக்குரியது?

“என் குரல் நன்றாக இல்லை” என்ற தயக்கத்திற்குப் பிருஹதாரண்யக உபநிஷதத்தில் ஓர் அழகிய விடை உண்டு. அசுரர்களை வெல்லத் தங்களுக்காகப் பாடும்படி தேவர்கள் வாக்கைக் கேட்டனர். வாக்கு பாடியது. பாட்டின் பயனைத் தேவர்களுக்கு அளித்தது. இனிமையை மட்டும் தனக்கென வைத்துக்கொண்டது. அந்த இடைவெளியில் அசுரர்கள் அதைத் துளைத்துவிட்டனர். கண், காது, மனம் ஆகியவற்றிற்கும் அதுவே நேர்ந்தது. இறுதியில் வாயிலுள்ள முக்கியப் பிராணன் பாடியது. அதைத் தாக்கிய அசுரர்கள், கல்லின் மேல் எறியப்பட்ட மண்கட்டி போல் சிதறினர்.

இனிமையைத் தன் உடைமையாகக் கருதும் குரல் புகழ்ச்சியாலும் இகழ்ச்சியாலும் துளைக்கப்படுகிறது. நன்றாகப் பாடுபவரின் செருக்கும், பாட வராது என்பவரின் கூச்சமும் உண்மையில் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன; இருவரும் தம் குரலையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிராணனோ தனக்கென எதையும் வைத்துக்கொள்வதில்லை. அந்த நிலையில் நின்று பாடுபவரை எவரும் புண்படுத்த இயலாது. நலம் தரும் பாட்டிற்கு இனிய குரல் முன்நிபந்தனை அல்ல. அளிக்கும் மனமே முன்நிபந்தனை.

அன்றாடப் பயிற்சி

கீழ்க்காணும் பயிற்சிக்குப் பதினைந்து நிமிடங்கள் போதும். உணவு உண்டு இரண்டு மணி நேரமாவது கழிந்திருத்தல் நல்லது. காலையோ மாலையோ, நாள்தோறும் ஒரே வேளையில் செய்வது பழக்கத்தை உறுதியாக்கும்.

1. முதுகை நிமிர்த்தி அமரவேண்டும். தரையில் அமர இயலாதவர் நாற்காலியில் அமரலாம். படுக்கையில் இருப்பவர் தலையணையில் சாய்ந்துகொள்ளலாம். தோள்களும் தாடையும் தளர்ந்திருக்கட்டும். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து, இரண்டு நிமிடம் மூச்சு தானாக வந்துபோவதைக் கவனிக்க வேண்டும்.

2. மூக்கின் வழியே நான்கு எண்ணும் அளவிற்கு மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் அளவிற்கு விடவேண்டும். ஓர் எண் ஒரு விநாடி எனில் நிமிடத்திற்கு ஆறு மூச்சு அமையும். இது கடினமாக இருந்தால் மூன்றும் நான்குமாகத் தொடங்கலாம். மூச்சை உள்ளே அடக்கி நிறுத்தத் தேவையில்லை. இரண்டு நிமிடம் போதும்.

3. உதடுகளை மூடி, பற்கள் ஒன்றையொன்று தொடாமல், வண்டு போல் முரல வேண்டும். ஒலி தாழ்ந்ததாகவும் மென்மையாகவும் இருக்கட்டும். மூக்கிலும் கன்னத்திலும் உச்சியிலும் அதிர்வு பரவுவதை உணரலாம். ஏழு முறை செய்யலாம்.

4. ஓங்காரத்தை அகரம், உகரம், மகரம் என மூன்று நிலைகளாக நீட்டி ஒலிக்க வேண்டும். ஒலி முடிந்தபின் மூச்சு தானாக உள்ளே வரும்வரை காத்திருக்க வேண்டும். பிடுங்கி இழுத்தல் கூடாது. பிற சமயத்தவர் தத்தம் வழிபாட்டுச் சொல்லை இவ்வாறே நீட்டி ஒலிக்கலாம்.

5. நெடுங்காலம் அறிந்த ஒரு துதிப்பாடலைத் தமக்கு எளிதான சுருதியில், வழக்கத்தைவிட மெதுவாகப் பாடவேண்டும். ஓர் அடிக்கு ஒரு மூச்சு. அடியின் இறுதி எழுத்தை விழுங்கிவிடாமல் முழுமையாக முடிக்க வேண்டும். பெண்புலி தன் குட்டியைப் பல்லால் கவ்விச் செல்லும்போது கடித்துவிடாமலும் நழுவவிடாமலும் இருப்பதுபோல் எழுத்துகளை ஒலிக்க வேண்டும் என்று பாணினீய சிக்ஷை காட்டும் உவமை இங்கு நினைவிற்குரியது. பாடும்போது கண்ணீர் வந்தால் அதைத் தடுக்க வேண்டாம். குரல் உடைந்த இடத்தில் நிறுத்தி, முரலுதலுக்குத் திரும்பி, பின் தொடரலாம்.

6. இறுதியில் இரண்டு நிமிடம் மௌனம். பாட்டு நின்றபின் உள்ளே நிலவும் அமைதியில் நிற்பதே பயிற்சியின் கனி. அதை அவசரமாக விட்டு எழுதல் கூடாது.

கவனிக்க வேண்டியவை

தலைசுற்றல், விரல்களில் மதமதப்பு, படபடப்பு ஆகியவை தோன்றினால் பயிற்சியை நிறுத்தி இயல்பாக மூச்சுவிட வேண்டும். தேவைக்கு மீறி மூச்சை இழுத்ததன் அறிகுறிகளாக அவை இருக்கலாம். மார்பு வலியோ கடும் மூச்சுத் திணறலோ ஏற்பட்டால் தாமதமின்றி மருத்துவ உதவியை நாடவேண்டும். இதயநோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மூச்சை அடக்கும் பயிற்சிகளைத் தவிர்த்து, மருத்துவரின் ஒப்புதலோடு மென்மையாகப் பாடுவதோடு நிற்கலாம். மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்மியிருந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும். இருமலும் காய்ச்சலும் உள்ள நாளில் கூட்டத்தில் பாடாமல் வீட்டில் இருப்பதும் ஒரு தொண்டே.

மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி வாதநோயால் துன்புற்று, குருவாயூரில் அமர்ந்து நாளுக்கு ஒரு தசகமாக நூறு தசகங்களில் நாராயணீயத்தைப் பாடி நலம் பெற்றார் என்பது மரபு. சூலை நோயால் வருந்திய திருநாவுக்கரசர் திருவதிகையில் பதிகம் பாடி நோய் நீங்கப் பெற்றதைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. இவற்றை எண்ணி, மருந்தை நிறுத்திவிட்டுப் பாடினால் போதும் என்று முடிவு செய்வது பக்தியாகாது. அவ்விருவரும் பாட்டை ஒரு வைத்திய முறையாகக் கொண்டு பாடவில்லை; தம்மையே அளித்துப் பாடினார்கள். அருளுக்கு எல்லை வகுக்க எவராலும் இயலாது. மருந்தும் அவ்வருளின் ஒரு வடிவம் என்று கொள்வதே அறிவுடைமை. மருந்து தன் பணியைச் செய்யட்டும். பாட்டு அஞ்சிய உள்ளத்தை ஆற்றட்டும்.

பின்வரிசையில் வாய்மூடி அமர்ந்திருப்பவரை யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. அருகில் சென்று அமர்ந்து, அவருடைய மூச்சு எட்டும் அளவிற்கு வேகத்தைக் குறைத்துப் பாடினால் போதும். முதலில் அவர் உதடு அசையும், பிறகு முரலுவார், ஒருநாள் ஒரு சொல் வெளிவரும். அந்தச் சொல் சுருதி சேராமல் இருக்கலாம். ஆயினும் நெடுநாள் உள்ளேயே அடைந்திருந்த மூச்சு ஒன்று அன்றுதான் ஆகுதியாகிறது.

சிந்தனைக்கு

1. நாள்தோறும் செய்யும் ஜபத்திலும் துதியிலும் மூச்சு எங்கே அவசரப்படுகிறது? அந்த இடத்தில் மனமும் எதற்காகவோ அவசரப்படுகிறதா?

2. பாடும்போது தம் குரலைக் கேட்பதில் எவ்வளவு கவனம் செல்கிறது? யாருக்காகப் பாடப்படுகிறதோ அவரிடம் எவ்வளவு செல்கிறது?

3. வீட்டிலோ சத்சங்கத்திலோ பாடுவதை நிறுத்திவிட்டவர் யார்? அவர் மீண்டும் பாட இந்த மாதத்தில் எந்த வகையில் துணைநிற்கலாம்?